பிறையில் சோலார் பயிற்சி: யார் போகலாம், யார் பொறுக்கலாம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரத்துக்கு வருகிறேன். பினாங்கின் பிறைப் பக்கம் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் நடக்கும் சோலார் பொருத்தும் வகுப்புக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கையில் வயர்மேன் சான்றிதழ் இருந்து, வீடு, கடை என்று நாலு இடத்தில் வயரிங் பார்த்தவர் என்றால் தாராளமாகப் போகலாம், கொடுத்த காசு வீண் போகாது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை "ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று நேராக இங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கொஞ்சம் பொறுங்கள், முழுதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மையத்தின் பெயரைப் போடவில்லை. பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதே மாதிரி வகுப்பு நடத்தும் இடங்கள் இப்போது நிறைய முளைத்துவிட்டன; துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தால் எது எந்த மையம் என்றே தெரியாது, எல்லாவற்றிலும் அதே மஞ்சள் தலைக்கவசம், அதே நீலப் பேனல், அதே சிரிப்பு. எங்கே பணம் கட்டப் போனாலும் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எனக்கு பட்டர்வொர்த்தில் வயரிங் வேலை. பிடபிள்யூ4 வைத்திருக்கிறேன், அதாவது திரீ ஃபேஸ் வயரிங் செய்து சோதிக்கவும் தகுதி உண்டு. கடந்த சில வருடங்களாக வீட்டுக்காரர்கள் விளக்கு மாற்றக் கூப்பிட்டால்கூட "அண்ணே, சோலார் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் பணம் கட்டினேன். கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், ஒரு வார வகுப்பு, பாதி நாள் பாடம், பாதி நாள் கைவேலை. பாடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து நடக்கிறது, குறிப்பேடு முழுக்க ஆங்கிலம். பயிற்றுநர் தமிழர், புரியாததைத் தேநீர் வேளையில் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அது அவருடைய நல்ல மனசு, மையத்தின் ஏற்பாடு இல்லை.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும் என்றால் அது பின்னால் இருக்கும் கொட்டகைதான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு கூரைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒன்று ஜிங்க் தகடு, இன்னொன்று ஓடு. விழுந்தாலும் காலில் சிராய்ப்போடு போய்விடும் உயரம், ஆனாலும் ஹார்னஸ் (விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு வார்) மாட்டாமல் ஒருவரையும் ஏற விடுவதில்லை. நம் ஆட்களுக்கு ஹார்னஸ் என்றாலே ஒரு கேலி உண்டு, "இதைப் போட்டுக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது" என்று. அந்தக் கேலி இங்கே எடுபடவில்லை. கொக்கியை மாட்டாமல் ஏணியிலிருந்து கூரைக்குக் கால் வைத்த ஒரு தம்பியை இறக்கி, அந்த மதியம் முழுக்கக் கீழேயே நிற்க வைத்தார் பயிற்றுநர். கத்தவில்லை, திட்டவில்லை, நிற்க வைத்தார், அவ்வளவுதான்.

ஓட்டுக் கூரையில்தான் நிறைய கற்றுக்கொண்டேன். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் பாதிக்கு மேல் ஓடுதான், சோலார் போட்ட பிறகு ஒழுகுகிறது என்று புலம்பும் வீடுகளும் பெரும்பாலும் அவைதான். ஓட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் மரச் சட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கொக்கியை அதில் திருகி, ஓட்டை மறுபடி அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். சும்மா உட்கார வைத்தால் கொக்கியின் கனத்துக்கு ஓடு ஒரு நூல் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்குத் தெரியாது. மேலே ஆள் நடந்ததும் விரிசல் விடும், அடுத்த அடைமழைக்கு வீட்டுக்காரர் போன் பண்ணுவார். அதனால் ஓட்டின் அடிப்பக்கத்தில் கொக்கி வரும் இடத்தை மட்டும் கிரைண்டரால் லேசாகத் தேய்த்துப் பள்ளம் எடுக்க வேண்டும். இந்தத் தேய்ப்பை எங்களை மறுபடி மறுபடி செய்ய வைத்தார், உடைந்த ஓடுகள் ஒரு மூலையில் குவிந்தன, அதற்காக யாரிடமும் காசு கேட்கவில்லை. ஜிங்க் கூரையில் வேறு பாடம்: திருகு தகட்டில் மட்டும் நின்றால் போதாது, அடியில் ஓடும் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்க வேண்டும், ரப்பர் பட்டையை அளவுக்கு மீறி நசுக்கினாலும் ஒழுகும், நசுக்காவிட்டாலும் ஒழுகும்.

இன்னொன்று, எம்சி4 கனெக்டர். பேனலுக்குப் பேனல் இணைக்கும் அந்தக் கறுப்புச் சொருகியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட மாட்டிவிடும் போலத்தான் இருக்கும். வயரின் தோலை உரிக்கும்போது உள்ளே இருக்கும் இழைகளில் நாலு அறுந்தாலும் போச்சு. கிரிம்பரில் உலோக முனையைச் சரியான பள்ளத்தில் வைக்காமல் அழுத்தினால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே பிடிமானம் இருக்காது. பின்மூடியைத் திருகாமல் விட்டால் தண்ணீர் இறங்கும். நாங்கள் செய்த ஒவ்வொன்றையும் அவர் கையால் இழுத்துப் பார்த்தார். கழன்று வந்ததை மேசை மேல் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். முதல் சுற்றில் மேசை மேல் நிறையவே கிடந்தது. அதோடு, இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கனெக்டர்களை ஒன்றோடொன்று மாட்டக் கூடாது, சொருகினால் 'டிக்' என்று உட்கார்ந்தாலும் கூடாது, உள்ளே தொடும் இடம் ஒத்துப்போகாமல் வருடக்கணக்கில் சூடேறிக் கருகும் என்று சொல்லி, கருகிய ஒரு ஜோடியைக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் உருகி இரண்டும் ஒன்றாகிப்போய் இருந்தது, பிரிக்கவே முடியவில்லை. இதற்கு மேல் ஒரு ஸ்லைடு தேவையில்லை.

ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தின் குணத்தைக் காட்டியதும் அப்படித்தான். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஏசி, வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, அதனால் சுவிட்சைத் திறந்தால் தீப்பொறி தானாகவே அணைந்துவிடும். சோலாரில் அந்தப் பூஜ்யமே கிடையாது. வெளியே வெயிலில் நிறுத்திய பேனல்களுக்கு லோடு கொடுத்து, முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டரைப் பிரித்தார். வெளிச்சம் நடுவில் நூலாக நீண்டது. அவர் கையை விலக்க விலக்க அதுவும் கூடவே நீண்டது, சீறல் சத்தம், அப்புறம் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. "எப்படிண்ணே இதை ஆஃப் பண்றது?" என்று ஒரு தம்பி கேட்டான். "சூரியனை எப்படிப்பா ஆஃப் பண்ணுவே? முதல்ல இன்வெர்ட்டர், அப்புறம் ஐசொலேட்டர், அப்புறம்தான் இது. அப்பவும் பேனல்ல வோல்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும், மறந்துடாதே." இன்வெர்ட்டர் என்பது பேனலின் டிசியை வீட்டுக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் பெட்டி, ஐசொலேட்டர் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். பல வருடமாக ஏசி மின்சாரத்தில் புழங்கிய கை எதையும் துணிந்து பிரிக்கும், அந்தத் துணிச்சலைக் குறைத்துவிட்டதற்காகவே ஒரு நட்சத்திரம்.

வகுப்பறைக்கு வந்தால் கதை மாறுகிறது.

பாடத்துக்குப் போட்டுக் காட்டிய ஸ்லைடுகளில் பேனல் மேல் பனி கொட்டிக் கிடக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வெள்ளைப் பனி, பக்கத்தில் ஊசியிலை மரம். பனியின் கனத்தைத் தாங்க சட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு பக்கம். பேனலை முப்பது டிகிரி சாய்த்துத் தெற்கே பார்க்க வை என்று இன்னொரு பக்கம். எங்கேயோ ஐரோப்பாவில் யாருக்கோ எழுதியதை அப்படியே இறக்கிப் போட்டிருக்கிறார்கள். பினாங்கு இருப்பது வடக்கே 5.4 டிகிரியில், ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. இங்கே எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும் வித்தியாசம் பெரிதாக இல்லை, மழைத் தண்ணீர் அழுக்கைக் கழுவிக்கொண்டு ஓடப் பத்து டிகிரி சாய்வு போதும். இதைப் பயிற்றுநரே சொன்னார், ஸ்லைடைத் தாண்டிப் போய். அப்படியானால் அந்த ஸ்லைடு எதற்கு?

வெப்பக் கணக்கும் அதே கோளாறு. குளிர் நாட்டில் காலைக் குளிரில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டரின் எல்லையைத் தாண்டிவிடுமோ என்று பயப்பட வேண்டும், குறிப்பேட்டின் உதாரணம் அதற்குத்தான் மைனஸ் பத்து டிகிரியில் போட்டிருக்கிறது. நம்முடைய தலைவலி எதிர்ப் பக்கம். பேனலின் வாட்டேஜை ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரியில் அளக்கிறார்கள். நம்மூர் ஜிங்க் கூரையில் மதியம் பேனல் 65 டிகிரிக்கு ஏறுவது சாதாரணம். டிகிரிக்கு 0.35 விழுக்காடு என்று வைத்தால் 14 விழுக்காடு போய்விடுகிறது, 550 வாட் என்று காசு கொடுத்து வாங்கியது 473 வாட்டாக நிற்கிறது. வீட்டுக்காரர் "ஏன் சொன்ன அளவு வரவில்லை" என்று சண்டைக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவன் கூரையில் ஏறியவன்தான். இந்தக் கணக்கை நானாகத் தாளில் போட்டுப் பார்த்துப் பயிற்றுநரிடம் காட்டினேன், அவர் சரி என்றார். பாடத்தில் அது இல்லை. மாலையானால் இடி மின்னல் வெளுத்து வாங்கும் ஊரில் சர்ஜ் (திடீரென வோல்டேஜ் எகிறுவது) பாதுகாப்புக்கும் எர்த்துக்கும் கொடுத்த நேரம், பனிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

என் பெரிய குறை இதுவும் இல்லை. பொருத்தி முடித்த பிறகு என்ன செய்வது என்பதை ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் (வரிசையாகக் கோத்த பேனல்கள்) திறந்த சுற்று வோல்டேஜ், குறுஞ்சுற்று கரண்ட், போலாரிட்டி, மெகர் என்ற கருவி வைத்து இன்சுலேஷன் (வயரின் தோல் மின்சாரத்தைக் கசிய விடுகிறதா என்பது), எல்லாவற்றையும் அளந்து தாளில் எழுதி ஒப்படைக்க வேண்டும். 500 வோல்டுக்கு மேல் போகும் ஸ்ட்ரிங்கில் மெகரை 1000 வோல்டில் வைத்து, குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும் என்பது ஐஇசி 62446 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் அளவு. மையத்தில் மெகர் இருந்தது. ஒன்றே ஒன்று. அது பயிற்றுநர் கையில் இருந்தது, நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். தெர்மல் கேமராவை எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டோம், அதோடு சரி. வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, "இந்த ஸ்ட்ரிங்கில் வோல்டேஜ் குறைகிறது, போய்க் கண்டுபிடி" என்று ஒரு நாள் விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மாட்டுகிற வேலைக்கு ஆள் கிடைப்பார்கள். ஐந்து வருடம் கழித்து இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து காரணத்தைக் கண்டுபிடிப்பவனுக்குத்தான் பஞ்சம் வரப்போகிறது. அவனை உருவாக்கும் பயிற்சியாக இது இல்லை.

இப்போது அந்தத் துண்டுப் பிரசுரம். கொட்டை எழுத்தில் இரண்டு விஷயம்: "2050க்குள் 70 விழுக்காடு", "வேலை உறுதி".

முதலாவது பொய் இல்லை. 2023இல் அரசாங்கம் தேசிய எரிசக்தி மாற்ற வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது, 2050இல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால் அது பொருத்தி வைத்த திறனின் கணக்கு, ஓடி வரும் யூனிட்டின் கணக்கு அல்ல. சரவாக்கில் இருக்கும் 2,400 மெகாவாட் பாக்குன் அணை போன்ற பெரிய நீர்மின் நிலையங்களும் புதுப்பிக்கத்தக்க திறனில்தான் சேர்கின்றன. அணையில் கூரைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள். எழுபது என்ற எண்ணைப் பார்த்ததும் அத்தனையும் நமக்கு வரும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவதுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. என்னோடு வகுப்பில் இருந்தவர்களில் சிலர் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், ஒருத்தி தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வேலை போனவள், அவளுடைய அண்ணன் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறான். முடிந்த கையோடு வேலை என்று நம்பி வந்தவர்கள். கடைசி நாளில் எங்களுக்குக் கிடைத்த 'வேலை உறுதி' என்பது சில கம்பெனிகளின் பெயரும் மின்னஞ்சலும் அச்சடித்த ஒரு தாள். அதை இணையத்தில் நானே எடுத்துக்கொள்வேன்.

அதிலும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. இந்த வகுப்பு தருவது கலந்துகொண்டதற்கான சான்றிதழ். நாட்டில் சோலாருக்கு ஆள் தகுதியை முறைப்படுத்தும் பொறுப்பு சேடாவிடம் இருக்கிறது, 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆணையம், அவர்களுடைய பயிற்சியும் தேர்வும் தனி. மின்சார வேலையில் கை வைக்க எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதியோ சார்ஜ்மேன் (மின் நிறுவலை இயக்கிப் பார்த்துக்கொள்பவர்) தகுதியோ வேண்டும், அதுவும் தனி. கட்டுமான இடத்துக்குள் நுழைய கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபியின் அட்டை வேண்டும். இவை எதுவும் இல்லாமல் இந்த ஒரு வாரச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பேனல் தூக்கும் வேலை கிடைக்கும். தூக்குவது கேவலம் இல்லை, ஆனால் அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி கட்டியிருக்க வேண்டியதில்லை. பிரசுரத்தில் சேடாவின் பெயரைப் பார்த்தீர்கள் என்றால் "இது உங்கள் சான்றிதழா, அவர்கள் சான்றிதழா, தேர்வு யார் வைக்கிறார்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

வேலை கிடைத்தாலும் அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும். வீட்டுக் கூரைச் சந்தை முழுக்க அரசாங்கத் திட்டத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. கூரையில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொடுத்துக் கரண்டு பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் என்ற திட்டம் 2016இல் வந்தது, 2019இல் கொடுக்கும் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளலாம் என்று ஆனதும் சூடு பிடித்தது, 2024இல் சோலாரிஸ் என்று 4,000 வெள்ளி வரை கழிவும் கொடுத்தார்கள். நெம்மின் மூன்றாவது சுற்று 2025 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. மூடுவதற்கு முந்தைய மாதங்களில் இங்கே ஒரு கன்டிராக்டருக்கும் ஓய்வே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூட ஏணி சாத்தித்தான் இருந்தது. மூடியதும் அதே ஆட்கள் பழையபடி ஏர்கான் கழுவப் போய்விட்டார்கள். பிறகு சோலார் ஆத்தாப் என்று வேறு திட்டம் வந்திருக்கிறது, விதிகள் வேறு. ஆக, சோலார் மட்டும் தெரிந்தவன் திட்டம் மூடும்போதெல்லாம் வீட்டில் உட்கார வேண்டியதுதான், வயரிங்கும் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். பிள்ளைகளை முதலில் வயர்மேன் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) வழியாக அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் மின்சாரப் பாடம் எடுத்துப் படிக்கலாம், செலவும் குறைவு, சோலார் அதற்கு மேல் ஒரு வார வேலை.

பெரிய சோலார் பண்ணை வேலை இதிலிருந்து வேறு. குருன் பக்கம் போனால் நெடுக பேனல்தான், கெடாவின் வெயில் அதற்குத் தோது. அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் புல் வெட்டுபவர், கழுவுபவர், ஸ்ட்ரிங் பார்க்கும் டெக்னீஷியன், உயர் அழுத்த சுவிட்ச் பக்கம் சார்ஜ்மேன். பிறையிலிருந்து காரில் போனால் எட்டிவிடும் தூரம், ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். கேட்டபோது "அடுத்த பேட்ச்சுக்குப் பார்க்கலாம்" என்றார்கள். கூலிமில் பேனல் செய்யும் தொழிற்சாலை வேலை இன்னொரு ரகம். ஃபர்ஸ்ட் சோலார் அங்கே 2008 முதல் ஓடுகிறது. ஷிப்ட் வேலை, இயந்திர வேலை, கூரையும் இல்லை ஏணியும் இல்லை. இந்த மூன்றையும் "பசுமை வேலை" என்று ஒரே ஸ்லைடில் போட்டுவிட்டுக் கடந்துவிட்டார்கள்.

பணம் யார் கட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், வகுப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான விடை பாதி அங்கேதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டி, அதிலிருந்து பயிற்சிச் செலவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படிக் கம்பெனி அனுப்பி வந்தவர்கள், அவர்களுக்கு வேண்டியது வருகைப் பதிவும் தாளும், பின்வரிசையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்த்தார்கள். கூரையில் உண்மையில் ஏறுகிறவர்கள் மூன்று பேர், நாலு பேர் கொண்ட சின்னக் கன்டிராக்டர் கும்பல். பத்துப் பேர் இல்லாததால் அந்தப் பணம் அவர்களுக்கு எட்டுவதில்லை, சொந்தக் காசு கட்டித்தான் வருகிறார்கள், ஒரு வாரக் கூலியும் போகிறது. சொந்தக் காசு கட்டியவன் கேள்வி கேட்கிறான். ஆனால் மையம் பாடத்தை அமைப்பது மொத்தமாக ஆள் அனுப்பும் கம்பெனிக்காக.

இந்த விஷயத்தில் பினாங்குக்குப் பாடம் எடுக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் பிஎஸ்டிசி (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) 1989இலேயே வந்துவிட்டது, தொழிற்சாலைகளே சேர்ந்து, எந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி நடத்திய இடம். மின்னணுத் தொழிலுக்குச் செய்ததைச் சோலாருக்கும் செய்யலாம். சோலார் கம்பெனிகள் பழுதாகிக் கழற்றிய இன்வெர்ட்டரையும் கருகிய கனெக்டரையும் ஒழுகிய கூரையின் படத்தையும் கொண்டுவந்து பயிற்சி மேசையில் போட வேண்டும், பிள்ளைகள் மூன்று மாதமாவது ஒரு குழுவோடு கூரை ஏற வேண்டும், அந்த மூன்று மாதத்துக்குக் கூலி வர வேண்டும். ஒரு வாரத்தில் இது நடக்காது. எந்த மையமும் தனியாகவும் செய்ய முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். மதியச் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம், தினமும் கோழிதான், சைவம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தவருக்கும் இரண்டாம் நாள் கோழி வந்தது, அவர் வெளியே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்தார். கழிவறை சுத்தம். கார் நிறுத்த இடம் உண்டு, ஆனால் எட்டரைக்கு மேல் வந்தால் பக்கத்துத் தொழிற்சாலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். கொட்டகையில் காற்றாடி ஒன்றுதான் ஓடுகிறது, மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள். கையுறையும் ஹார்னஸும் அவர்களே தருகிறார்கள், பாதுகாப்புச் சப்பாத்து மட்டும் சொந்தமாக வேண்டும்.

போகிறீர்கள் என்றால் அந்தத் தமிழ்ப் பயிற்றுநர் நடத்தும் வாரம் எது என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஆள் மாறினால் இந்த மூன்று நட்சத்திரம் செல்லாது. இன்னொருவர் நடத்திய பேட்ச்சில் போன என் நண்பர் கனெக்டரை இழுத்துப் பார்த்த கதையையே கேள்விப்பட்டதில்லை என்கிறார்.

சான்றிதழ் இரண்டு வாரத்தில் வரும் என்பார்கள், வராது. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழும், பதில் வராது. நேரே அலுவலகத்துக்குப் போய், வாசலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் அடையாள அட்டையைக் காட்டுங்கள். அவர் அலமாரியைத் திறந்து அப்போதே எடுத்துக் கொடுத்துவிடுவார், எல்லாருடையதும் அங்கேதான் இருக்கிறது.